மஞ்சள் விளக்கு வீடு

நீர்க்கணி காலையிலேயே ஆரம்பித்துவிட்டது.

"நீர் கலங்கியுள்ளது. பாசி மிகுந்துள்ளது. இது இந்த வீட்டுக்கு இரண்டாம் எச்சரிக்கை."

எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும் அந்தக் கருவி. குரலோ எதிர்வீட்டுக்கும் கேட்கும். பல் தேய்த்துக்கொண்டிருந்த பிரம்மசக்தி வாயில் நுரையோடு ஓடிவந்து வாசல் கதவைத் திறந்தாள். நிலைக்கு மேலே, வீட்டுக் கடல்தொட்டியின் தெளிவைக் காட்டும் தெளிவொளி விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. வராந்தாவில் மற்ற வீடுகளுக்கெல்லாம் நல்ல நீலம். தோளில் கிடந்த துண்டை எடுத்து விளக்கின்மேல் போட்டு மூடிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டு உள்ளே வந்தாள்.

எதிர்வீட்டுச் செல்வகனி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் பார்வைக்குத் தப்பி அந்த மாடியில் ஒரு கொசுகூடப் பறந்ததில்லை.

தூத்துக்குடியில் அப்போது கடல்தொட்டி இல்லாத வீடு கிடையாது. கடல் சூடேறி மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் வெளுத்துச் செத்துப்போய், மீன்பாடும் குறைந்து, ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த காலத்தில் கடல் மீட்பு வாரியம் கண்டுபிடித்த வழி அது. மிஞ்சிய பவளத்தைச் சின்னச் சின்னக் கன்றுகளாக நறுக்கி வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். நீங்கள் வளர்த்துத் தாருங்கள், நாங்கள் கடலில் நடுகிறோம் என்றார்கள். உப்புத் தண்ணீர்த் தொட்டியைப் பராமரிப்பது லேசான காரியமா? தீனி கூடினால் கலங்கும், வெளிச்சம் கூடினால் பாசி பிடிக்கும், உப்பு மாறினால் உயிரே போகும். அதற்குத்தான் நீர்க்கணி. தண்ணீரில் மிதந்தபடி ஓயாமல் ருசி பார்க்கும். விளக்கைக் கூட்டும், குறைக்கும். நுரைவடிப்பானை ஓட்டி அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும். வீட்டுக்காரர் செய்ய வேண்டியது கண்ணாடி வழியாகப் பார்த்து மகிழ்வது ஒன்றுதான். செல்வகனி வீட்டுத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்றே தெரியாது. மீன் அந்தரத்தில் நிற்கும்.

பிரம்மசக்தி வீட்டுத் தொட்டியில் மீன் இருக்கிறதா என்றே தெரியாது.

அதே கருவிதான், அதே உப்புதான். ஆனாலும் தண்ணீர் அரிசி களைந்த நிறத்தில் கிடந்தது. கண்ணாடியில் பழுப்பாக ஒரு படிவு, கல்லெல்லாம் பச்சை முடி. சுரண்டிச் சுரண்டி அவளுக்கு நகம் தேய்ந்ததுதான் மிச்சம். மூன்றாம் எச்சரிக்கை வந்தால் வாரியம் தொட்டியையே தூக்கிக்கொண்டு போய்விடும். அதற்குள்ளேதான் இளையவள் இருந்தாள்.

அந்த வீட்டுக்குக் கொடுத்த பவளக்கன்றுகள் இரண்டு. பிரம்மசக்தி அவற்றை மூத்தவள், இளையவள் என்றே சொல்லிவந்தாள். போன நடவில் வாரியத்துக்குக் கன்று போதவில்லை. கலங்கல் வீட்டுக் கன்றானாலும் பரவாயில்லை என்று மூத்தவளைக் கொண்டுபோய்க் கடைசி வரிசையில், மணல் கிளம்பும் ஓரமாக நட்டார்கள். எண்ணிக்கைக்கு ஆள் சேர்ப்பது என்பார்களே, அதுதான். நட்டவர்களே அதை மறந்துபோனார்கள். இளையவளாவது நல்ல இடத்தில் நடுவில் நிற்க வேண்டும் என்பது பிரம்மசக்தியின் ஆசை.

இன்னொன்றும் உண்டு. அவள் லிஃப்ட் மெக்கானிக். துறைமுக நகரின் உயர்ந்த கட்டடங்களில் அவள் கை படாத லிஃப்ட் இல்லை. எந்த லிஃப்டும் சும்மா நிற்காது, நின்றதற்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணத்துக்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பான் என்பது அவள் கட்சி. ஊர் லிஃப்டையெல்லாம் ஓடவைத்தவளுக்குச் சொந்த வீட்டுத் தொட்டி பிடிகொடுக்காதது மானப் பிரச்சினையாகிவிட்டது.

நீர்க்கணியிடமே கேட்டாள். அது தயங்காமல் பதில் சொன்னது. பாஸ்பேட் மிகுதி, சிலிக்கா மிகுதி, சுண்ணாம்பு உண்டு, நுண்ணிய தூள் உண்டு. பிறகு தன் ஊகத்தையும் சேர்த்துக்கொண்டது: "இந்த வீட்டில் சாணம் அல்லது எலும்பு எரிக்கப்படுகிறது. எரிப்பதை நிறுத்தவும்."

துறைமுகத்துக் கிரேனை அலுவலகத்தில் உட்கார்ந்தே ஓட்டுகிற அவள் கணவன் லிங்கதுரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஆறாவது மாடியில எவன் மாடு கட்டியிருக்கான்? வாரியத்துக்காரவ நம்ம தலையில ஓட்டக் கருவியைக் கட்டிட்டாவ."

பிரம்மசக்தி சிரிக்கவில்லை. மீட்டர் பொய் சொல்லாது, மீட்டருக்குக் கதை சொல்லத்தான் தெரியாது என்பதை அவள் தொழிலில் பார்த்திருக்கிறாள். ஒவ்வொன்றாகக் கழிக்கத் தொடங்கினாள்.

வெயில் விழும் சன்னலுக்குத் திரை போட்டாள். பாசி அசையவில்லை. மீனின் தீனியைப் பாதியாக்கினாள். மீன் இளைத்தது, பாசி கொழுத்தது. குடிநீர் வடிப்பானின் சல்லடையை மாற்றினாள். பிறகு வாளி நிறையப் புது உப்புத் தண்ணீர் கலக்கி மூடிவைத்துப் பார்த்தாள். நாள்கணக்கில் கிடந்தும் அது பளிங்காகவே இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உற்சாகம் பிடித்தது. தண்ணீரில் குற்றமில்லை, உப்பில் குற்றமில்லை, வெளியிலிருந்து ஏதோ வந்து விழுகிறது. லிஃப்ட் குழிக்குள் கயிற்றைப் பிடித்து இறங்கும்போது வரும் அதே பரபரப்பு வந்துவிட்டது. பழுது இந்தப் பக்கம்தான் ஒளிந்திருக்கிறது, இன்னும் ஒரு எட்டு.

காலி ஊறுகாய்ப் பாட்டில்களைக் கழுவி, அந்த வாளித் தண்ணீரை ஊற்றி, வீடு முழுக்கத் திறந்துவைத்தாள். அடுக்களையில் ஒன்று, படுக்கையறையில் கொசுமருந்துக்குப் பக்கத்தில் ஒன்று, துணி காயும் பால்கனியில் ஒன்று, தொட்டியின் விளிம்பில் ஒன்று. லிங்கதுரை, ஊறுகாய் எங்கே என்று கேட்டதற்கு ஆராய்ச்சியில் இருக்கிறது என்று பதில் வந்தது. சில நாளில் விடை கிடைத்தது. எல்லாப் பாட்டிலும் தெளிவு. தொட்டி விளிம்பில் இருந்தது மட்டும் கலங்கல். அதுவும் அவள் வேலைக்குக் கிளம்பும்போது தெளிவாக இருக்கிறது, திரும்பி வரும்போது கலங்கியிருக்கிறது.

அவள் விடியும் முன்பே கிளம்புகிறவள்; அலுவலகங்கள் திறக்குமுன் லிஃப்டையெல்லாம் சோதித்தாக வேண்டும். அவள் போனபிறகு வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஆள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, சோபாவில் போர்வையை இழுத்து மூடிக் கண்ணை மட்டும் திறந்துவைத்துப் படுத்துக்கொண்டாள்.

லிங்கதுரை குளித்துவிட்டு வந்தான். சின்ன வீடு, தொட்டியை வைக்க வேறு சுவர் இல்லாததால் சாமி அலமாரிக்கு நேர் கீழே வைத்திருந்தார்கள். அவன் கிண்ணத்தில் கைவிட்டுத் திருநீற்றை அள்ளினான். நெற்றி, மார்பு, புயம் என்று பட்டையடிக்கிற ஆள் அவன். கிள்ளி எடுக்கிற பழக்கமே கிடையாது. அண்ணாந்து, முருகனைக் கூப்பிட்டு, மூன்று விரலால் இழுத்தான். பிறகு கையிலிருந்த மிச்சத்தைத் தொட்டிக்கு மேலே இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்து, பூப்போல உதறினான்.

"என்ன செய்யுதீய?" என்று போர்வைக்குள்ளிருந்து கேட்டாள்.

அவன் துள்ளி விழுந்தான். "துன்னூறு பூசுதேன். நீ போவலியா?"

"மிச்சத்தை எங்க தட்டுனீய?"

"தண்ணியில. கீழ தட்டுனா கால்ல மிதிபடும்லா? இதுல யாரு கால் வைக்கப் போறா? அதுவும் கடல் தண்ணி. செந்தூர்ல சாமி காலடியில கெடக்கதும் இதே தண்ணிதான."

பிரம்மசக்தி எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். பசு தின்ற புல்லில் இருக்கும் சத்தெல்லாம் சாணத்தில் தங்கும். சாணத்தைச் சுட்டால் நீற்றில் தங்கும். அதிலுள்ள பாஸ்பேட் பச்சைப் பாசிக்குக் கல்யாண விருந்து. சிலிக்கா பழுப்புப் பாசிக்கு. தூளோ கலங்கலுக்கு. நீர்க்கணி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. எரித்த இடம் மட்டும் ஆறாவது மாடி இல்லை. திருநீறு கீழே விழக்கூடாது என்கிற மரியாதை அதன் கணக்கில் எப்படி வரும்? யாரும் அதற்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

லிங்கதுரையின் முகம் விழுந்துவிட்டது. சாமி காரியம் செய்து குற்றவாளியானவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். அவள் அவனைத் தேற்றி, மிச்சத்தைத் தட்ட ஒரு பித்தளைக் கிண்ணம் வாங்கி அலமாரியிலேயே வைத்தாள்.

தண்ணீர் தெளிந்தது. ஒவ்வொரு நாளும் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டியைத்தான் பார்த்தாள். முதலில் பின்சுவர் தெரிந்தது, பிறகு மீனின் வரிகள் தெரிந்தன, பச்சை முடி தானாக வெளுத்து உதிர்ந்தது. ஒரு காலையில் கதவைத் திறந்தால் துண்டுக்குள்ளே தெளிவொளி நீலம். அவள் துண்டை உருவி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே வாசலில் நின்று காப்பி குடித்தாள். செல்வகனி, மைனி வீட்டு லைட்டு நல்லா எரியுதே என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வாரியத்தின் ஆய்வாளர் ரோஸ்லின் மச்சாடோ வந்து பார்த்தாள். பாதி நாள் அலுவலகத்திலும் பாதி நாள் கடலுக்கடியிலும் இருக்கிற பெண். கோடை போய் மழையும் பெய்தபின் வரும் நடவில் இளையவளுக்கு நடு வரிசையில் இடம் என்று எழுதிக்கொண்டு போனாள். பிரம்மசக்தி அன்றைக்குத் தெருமுனைக் கடையில் மக்ரூன் வாங்கி மாடி முழுக்கக் கொடுத்தாள்.

மாதங்கள் ஓடின. அந்தக் கோடையில் கடல் மறுபடி கொதித்தது. மீனவர்கள் கையை விட்டால் வெந்நீர்போல இருக்கிறது என்றார்கள். பவளம் பார்க்கச் செடி மாதிரி இருந்தாலும் விலங்கு. அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து, வெளிச்சத்தை வைத்துச் சமைத்து அதற்கு ஊட்டும். சூடு ஏறினால் அந்தச் சமையல்காரர்கள் வீட்டைவிட்டு ஓடிவிடுவார்கள். பவளம் வெளுத்துப் பட்டினி கிடந்து சாகும். வாரியம் நட்ட கன்றெல்லாம் வரிசை வரிசையாக வெளுத்ததைச் செய்தியில் காட்டினார்கள். அத்தனை வீட்டுத் தெளிவும் ஒரு வாரத்தில் சுண்ணாம்பாகிவிட்டது. கடைசி வரிசையை யாரும் காட்டவில்லை. பிரம்மசக்தி சாப்பிடாமல் எழுந்து போனாள்.

பிறகு ஒரு மத்தியானம் ரோஸ்லின் படகிலிருந்து நேராக வந்து கதவைத் தட்டினாள். தலைமுடியில் உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, உங்க மூத்தவ இருக்கா."

"இருக்கான்னா?"

"உசுரோட இருக்கா. எல்லாம் செத்துப்போச்சு, அவ ஒருத்திதான் நிக்கா. வெள்ளை வெளேர்னுதான் இருக்கா. ஆனா வாயைத் திறந்து தின்னுட்டு இருக்கா. இங்க பாருங்க."

கையிலிருந்த திரையில் கடலடி தெரிந்தது. வெள்ளை எலும்புக்கூடுகளுக்கு ஓரத்தில், புழுதி பறக்கும் மணலில், மூத்தவள். அவள் உடம்பெங்கும் கடுகளவு வாய்கள். மிதந்துவந்த தூசியை மயிரிழை போன்ற ஒரு கை பிடித்து வாய்க்குள் தள்ளியது. பெற்ற பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்தால்கூட இவ்வளவு சந்தோஷம் இருக்குமா என்று பிரம்மசக்திக்குத் தெரியவில்லை. அந்தத் திரையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

ரோஸ்லின் அங்குமிங்கும் நடந்தபடியே விளக்கினாள். தெளிந்த தொட்டியில் வளர்ந்த கன்றுகளுக்குச் சமையல்காரன் ஊட்டுவான், வாயைத் திறக்கவேண்டிய தேவையே வந்ததில்லை. மூத்தவள் வளர்ந்தது கலங்கலில். வெளிச்சம் போதாது, சமையல் போதாது. பசித்தவள் தண்ணீரில் மிதந்துவந்ததையெல்லாம் பிடித்துத் தின்னக் கற்றுக்கொண்டாள். சமையல்காரன் ஓடியபோது மற்றவர்கள் செத்தார்கள், அவள் தானே சாப்பிட்டாள். சூடு தாங்கும் பவளத்தைத் தேடி வாரியம் உலகமெல்லாம் ஆள் அனுப்பியிருந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

"உங்க வீட்டுத் தண்ணி எப்படிக்கா கலங்குச்சு? அதுல என்ன இருந்துச்சு?"

பிரம்மசக்தி கணவனைப் பார்த்தாள். லிங்கதுரை கூச்சத்தோடு கிண்ணத்தை எடுத்துவந்து, ரோஸ்லின் நீட்டிய குப்பியில் ஒரு கிள்ளு போட்டான்.

"கால்படாத எடத்துல வச்சுக்கிடுங்க மேடம்" என்றான்.

போகும்போது ரோஸ்லின் தொட்டிக்கு முன்னால் குனிந்து, இளையவளின்மேல் கொஞ்சம் தீனித்தூளைத் தூவினாள். தூள் மெதுவாக இறங்கி அவள்மேல் படிந்து அப்படியே கிடந்தது. ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. பளிங்குத் தண்ணீரில் பல மாதம் இருந்துவிட்டாள் அல்லவா? பிரம்மசக்தி கண்ணாடியில் விரலால் தட்டிப் பார்த்தாள். எவ்வளவு ஆசையோடு, எவ்வளவு கெட்டிக்காரத்தனத்தோடு அவள் அந்தத் தண்ணீரைத் தெளியவைத்தாள்.

வாரியம் சும்மா இருக்குமா? எல்லா நீர்க்கணிக்கும் புதுப்பாடம் போயிற்று. வீட்டுக்கு வீடு 'கலக்கி' என்ற தூள் பொட்டலம் வந்தது. ஆய்வுக்கூடத்தில் செய்த, எல்லா மதத்தினருக்கும் பொதுவான சாம்பல். இனி கலங்கல்தான் நல்ல நீர், நீலம். தெளிந்தது மஞ்சள். முதல் நாள் காலையில் மாடி முழுக்க மஞ்சள் எரிந்தது. செல்வகனி வீட்டு விளக்கில் ஒரு பூத்துவாலை தொங்கியதைப் பிரம்மசக்தி பார்த்தாள், பார்க்காததுபோல நடந்தாள். வாரம் முடிவதற்குள் எல்லாக் கதவும் நீலமாகிவிட்டது, அவள் கதவு உட்பட.

நீர்க்கணி தினமும் ஒரே நேரத்தில் சின்ன மணி ஒலித்து, ஒரே அளவு கலக்கியைத் தொட்டியில் தள்ளியது. பழைய ஞாபகத்தில் ஒரு காலை லிங்கதுரை கையை உதறப்போனான். "கையால் இட வேண்டாம். அளவு தவறும்" என்றது அது. அவன் கையை எடுத்துக்கொண்டு பித்தளைக் கிண்ணத்துக்குப் போனான்.

ஒரு நாள் மணி அடித்தபோது பிரம்மசக்தி தொட்டிக்கு முன்னால் இருந்தாள். இளையவளின் வாய்கள் அத்தனையும் திறந்தன. அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. எதிர்வீட்டுக்கு ஓடிச் சொன்னாள். செல்வகனி, எங்க வீட்டுலயும் இப்பத்தான் திறந்துச்சு என்றாள். இருவரும் கைகோத்துக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் மெக்கானிக் புத்தி விடாது. சாயங்காலம் தானே கொஞ்சம் தீனியைத் தூவிப் பார்த்தாள். ஒரு வாயும் திறக்கவில்லை. மறுநாள் கலக்கியை நிறுத்திவிட்டு மணியை மட்டும் அடிக்கவிட்டாள். வெறும் தண்ணீரில் எல்லா வாயும் திறந்தன. செல்வகனி வீட்டிலும் போய்ச் சோதித்தாள், அங்கேயும் அப்படியே.

பசியைக் கற்றுக்கொடுக்கச் சொன்னால், கருவி வேளாவேளைக்கு மணியடித்துச் சோறு போட்டிருக்கிறது. ஊரிலுள்ள அத்தனை கன்றும் வாயைத் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டது, மணிக்கு. கடலில் யார் போய் மணி அடிப்பார்கள்? வாரியத்தின் பலகையில் வெற்றி என்று போட்டிருந்தார்கள்.

மூத்தவளை வளர்த்தது சாம்பல் மட்டுமில்லை என்பது அவளுக்கு அப்போது புரிந்தது. லிங்கதுரை சில நாள் அள்ளிப் பூசுவான், சில நாள் அவசரத்தில் தொட்டுவைத்துக்கொண்டு ஓடுவான், காய்ச்சல் வந்தால் குளிக்கவே மாட்டான், கார்த்திகையன்று உடம்பெல்லாம் பூசுவான். அந்த ஒழுங்கின்மைதான் கடல் மாதிரி இருந்திருக்கிறது.

அவள் கரண்டியால் நீர்க்கணியை அள்ளி எடுத்துத் துடைத்து, அதன் மணியையும் கலக்கிக் குழாயையும் கழற்றிவிட்டுத் திரும்ப மிதக்கவிட்டாள். பித்தளைக் கிண்ணத்தை அடுக்களைக்குக் கொண்டுபோய்க் கடுகு போட்டுவைத்தாள். லிங்கதுரை கண்ணை அகல விரித்தான்.

"அப்போ தட்டவா?"

"தட்டுங்க."

"எவ்வளவு?"

"அதைக் கேக்காதீய. எப்பவும் போல."

"அளவிடப்படாத பொருள் கலந்துள்ளது. முதல் எச்சரிக்கை" என்றது நீர்க்கணி. பிறகு இரண்டாவதும் வந்தது.

மூன்றாவது வந்த அன்று தொட்டியை எடுத்துப்போக ரோஸ்லின் வந்தாள். நீலம் நீலமாக எரிந்த வராந்தாவில் நடந்துவந்து, ஒரே ஒரு மஞ்சளுக்கு முன்னால் நின்றாள். உள்ளே போய்த் தொட்டியைப் பார்த்தாள். மணி கிடையாது, வேளை கிடையாது. அரிசி களைந்த தண்ணீர் நிறத்துக் கலங்கலுக்குள் இளையவள் ஒன்றிரண்டு வாயைத் திறந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். ரோஸ்லின் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். வாசலுக்கு வந்து விளக்கை அண்ணாந்து பார்த்தாள்.

"பல்பு போயிருக்கும்போல அக்கா. நல்ல மெக்கானிக்கா பாத்து சரிபண்ணச் சொல்லுங்க."

"சொல்லுதேன் மேடம்" என்றாள் பிரம்மசக்தி.

ரோஸ்லின் லிஃப்டில் இறங்கிப் போனாள். எதிர்வீட்டுக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. செல்வகனி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிரம்மசக்தி கதவைச் சாத்திவிட்டு, எங்கோ நின்றுபோன லிஃப்டைப் பார்க்கக் கிளம்பினாள். நிலைக்கு மேலே மஞ்சள் எரிந்தது. துண்டு அவள் தோளிலேயே கிடந்தது.